பூட்டில்லாத இல்லம்

அவளுக்குக் கைப்பிடி என்று பெயர் வைத்தவர்கள் மேஸ்திரிகள். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். அவள் தலை மறைந்ததும், "கைப்பிடி வந்துட்டுப் போச்சா? இன்னும் எத்தனை கம்பி வேணுமாம்?" என்று சிரிப்பார்கள். அது அவளுக்கும் தெரியும். கோபம் வந்ததில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

கட்டடக்கலைப் படிப்பை முடித்து அவள் முதலில் சேர்ந்த அலுவலகத்தில் முகப்பும் மாடிப்படியும் வரைவது ஆண்களுக்கு, கழிப்பறை அவளுக்கு. யார் வீடானாலும் எந்த ஆஸ்பத்திரியானாலும் கழிப்பறைப் படம் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். கூட இருந்தவர்கள் கிண்டல் செய்தபோது அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கொடுத்த வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். முழங்கால் மடங்காத ஒருவருக்குக் கை எந்த இடத்தில் கம்பியைத் தேடும் என்று பார்ப்பதற்காக, வீட்டில் இரண்டு காலிலும் மரச்சட்டம் வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டு கழிப்பறையில் உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். அச்சகம் நடத்திவந்த அவள் கணவர் கதவைத் தட்டித் தட்டி அலுத்துப்போய், "உள்ள என்னம்மா நடக்குது? எழுந்திரிக்கிற சத்தமும் விழுற சத்தமும் மாறி மாறிக் கேக்குதே!" என்றார்.

"ஆராய்ச்சி."

"சீக்கிரம் முடி. எனக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு."

அப்படி வளர்ந்த கை அவளுடையது. தலையில் நரை விழத் தொடங்கிய காலத்தில், முதியோருக்கு இல்லம் கட்ட நினைத்தவர்கள் யாரானாலும் அவளைத்தான் தேடி வந்தார்கள். அவள் போட்ட படத்தில் வாசற்படி இருக்காது. கட்டிலில் படுத்தபடியே கழிப்பறைக் கதவு தெரியும். ஜன்னல் அடிமட்டம் தாழ்ந்திருக்கும். எழுந்திருக்க முடியாதவரும் தெருவைப் பார்க்கலாம். ஒவ்வோர் அறைக் கதவுக்கும் ஒரு நிறம். எண் மறந்துபோகும், நிறம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது என்பது அவள் கணக்கு.

அவளுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்த இல்லத்தைக் கட்டியவர், அதற்கு முன் லாட்ஜ் நடத்திக்கொண்டிருந்தவர். எல்லோருக்கும் அவர் முதலாளி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அங்கே தங்கியிருப்பவர்களைக் 'கெஸ்ட்' என்று சொல்லும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. கட்டடம் ஒரே தளம். நடுவே நீளமான ஒரு நடைவழி. அதன் ஒரு பாதியில் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள், சமையலறை, வாசல். மறு பாதியில் மறதி நோய் வந்தவர்கள். இந்த இரண்டாம் பாதியில் இருப்பவர்கள் பார்வைக்குத் தப்பித் தெருவுக்குப் போய்விடக் கூடாது. முதலாளி, நடைவழியின் நடுவில் கிராதிக் கதவும் பூட்டும் கேட்டார்.

"பூட்டெல்லாம் வேண்டாங்க. அது ஜெயிலுக்கு" என்றாள் கைப்பிடி.

"அப்ப கெஸ்ட் வெளிய போனா நீங்க தேடிக்கிட்டு வருவீங்களா மேடம்?"

"போக மாட்டாங்க. எங்கிட்ட விடுங்க."

அவள் எங்கோ படித்திருந்தாள். இந்த நோய் வந்தவர்களில் பலருக்குத் தரையில் தெரியும் கறுப்பு, நிறமாகத் தெரியாது, குழியாகத் தெரியும். ஆகவே நடைவழியின் நடுவே, சுவருக்குச் சுவர், ஒரே எட்டில் தாண்டிவிட முடியாத அகலத்தில், கறுப்புக் கிரானைட் பதித்தாள். மற்ற தரை முழுவதும் வெளிர் நிறம். பார்க்க வருகிறவர்கள் கவனிக்காமலே மிதித்துப் போனார்கள். இரண்டாம் பாதிக்காரர்கள் கல்லின் விளிம்புவரை வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். முதலாளி மூக்கின்மேல் விரல் வைத்தார்.

'பூட்டில்லாத இல்லம்' என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. கட்டடக்காரர்கள் கூடும் மண்டபங்களில் அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் ஒரு சின்ன வீடியோவைப் போட்டுக் காட்டுவாள். அதில் ஒரு பெரியவர் வேகமாக நடந்து வருவார்; கல்லைக் கண்டதும் சட்டென்று நிற்பார்; ஒரு காலை மெல்ல நீட்டிவிட்டு, சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். "பாருங்க, சாவியும் இல்ல, சண்டையும் இல்ல. அவரே முடிவு பண்ணித் திரும்பிட்டாரு!" என்பாள் கைப்பிடி. கூட்டம் சிரித்துக் கைதட்டும். அந்த இடத்தில் எத்தனை நொடி நிறுத்தினால் சிரிப்பு நன்றாக எழும் என்பதுவரை அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

இல்லத்துக்கான விளம்பர மடல் அவள் கணவருடைய அச்சகத்தில்தான் அச்சானது. முன்பக்கப் படத்தை எடுத்தவளும் கைப்பிடிதான். கறுப்புக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார். இந்தப் பக்கம் அவருடைய கணவர் சிரித்தபடி நிற்கிறார். அந்த அம்மாவை எல்லோரும் டீச்சர் என்பார்கள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் பாதியில் இருந்தார். அவர் கணவர் பஸ் ஓட்டியவர்; அவரை டிரைவர் என்பார்கள். நினைவு தெளிவாக இருந்ததால் அவருக்கு முதல் பாதியில் அறை. ஆளுக்கொரு பாதி. படத்தைப் பார்த்த அச்சகக்காரர், "அடேயப்பா, இந்த வயசுலயும் என்ன ஒரு இது! நீ எனக்கு என்னிக்காவது இப்படிக் கைய நீட்டியிருக்கியா?" என்று கேட்டு, 'வயது பிரிக்காத அன்பு' என்று அதற்கு அடியில் தாமே ஒரு வரி சேர்த்தார்.

அந்த இல்லத்தின் குளியலறைச் சுவரில் ஈரம் கசிகிறது என்று ஒரு நாள் கூப்பிட்டார்கள். கைப்பிடி போய்ப் பார்த்து மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். டிரைவர் கறுப்புக் கல்லின் இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"இதக் கட்டின அம்மா நீங்கதானே?"

"ஆமாங்க ஐயா. உக்காருங்க, உக்காருங்க."

"ஒரு சின்ன உதவி கேக்கலாமா? இந்த இடத்துல ஒரு பாலம் போட முடியுமா?"

கைப்பிடி சிரித்துவிட்டாள். "பாலமா? எதுக்குங்க? தண்ணியா ஓடுது?"

அவரும் சிரித்தார். "எனக்கு இது கல்லுன்னு தெரியும்மா. டீச்சருக்குத்தான் தெரியல. நான் இத மிதிச்சு அவகிட்டப் போனா, 'விழுந்துடுவீங்க, விழுந்துடுவீங்க'ன்னு கத்துறா. ஒரு தடவ, நான் உள்ள விழுந்துட்டேன்னே நெனச்சுக்கிட்டா. பக்கத்துல போய் நின்னு 'டீச்சர், நான்தான்'னு சொல்றேன். நம்பல. 'நீங்க யாரு? அவரு விழுந்துட்டாரு, யாராவது தூக்குங்க'ன்னு அழுவுறா. அன்னிக்கெல்லாம் சாப்பிடல. அதுக்கப்பறம் நான் தாண்டறதே இல்ல. இங்கயே உக்காந்து சத்தமாப் பேசிட்டுப் போயிடுவேன்."

கைப்பிடிக்கு அந்தப் படம் கண்முன் வந்தது. நீட்டிய இரண்டு கைகள். வா என்று அல்ல, வராதே என்று.

"எவ்வளவு பெரிய பாலத்துல எல்லாம் பஸ் ஓட்டியிருக்கேன் தெரியுமா? இந்த ஒரு கல்லுல வண்டி நின்னுபோச்சு" என்றார் டிரைவர். பிறகு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சமாதானமும் சொன்னார். "உங்களக் குத்தம் சொல்லலம்மா. இப்படி ஆகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அழகுக்குன்னு போட்டிருப்பீங்க."

ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க" என்றாள். "அழகுக்குத்தான்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. ஊரெல்லாம் மேடையேறித் தன் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிய ஒன்றை, அதற்குள் மாட்டிக்கொண்டவர் எதிரே வந்து நின்றபோது அலங்காரம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொய்யைச் சொல்லும்போது குரல்கூடத் தடுமாறவில்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டிருந்தார். இதேபோல் இன்னும் மூன்று இல்லம் கட்டப்போகிறார், மூன்றும் அவளுக்குத்தான். மேசைமேல் மனைப் படங்கள் விரித்திருந்தன. கல்லைப் பற்றிப் பேசிவிட வேண்டும் என்று மனசுக்குள் வாசகத்தைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டு போயிருந்தாள்.

"மேடம், கறுப்புக் கல்லுதான் நம்ம அடையாளமே. மூணுலயும் அத மறந்துடாதீங்க" என்றார் முதலாளி.

"அதுலதாங்க ஒரு சின்ன சிக்கல்..."

"என்ன, வழுக்குதா?"

கேள்வி அவளுக்கு ஒரு சந்து திறந்துவிட்டது. அவள் அதில் நுழைந்துகொண்டாள். "லேசா. ஒரு விரிப்பு போட்டா சரியாயிடும்."

"போடுங்க, போடுங்க. இதெல்லாம் எங்கிட்டக் கேக்கணுமா?"

வாழ்நாளில் ஒரு கம்பியின் உயரத்துக்காக முதலாளிமார்களோடு மல்லுக்கு நின்றவள் அவள். அன்று டீயைக் குடித்துவிட்டு மனைப் படங்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடை கடையாக ஏறி இறங்கி விரிப்பு வாங்கினாள். தரையின் நிறத்திலேயே தடித்த ரப்பர் விரிப்பு. கல்லுக்குக் குறுக்கே போட்டால் பாலம்போல் இருக்கும். வேலை முடிந்ததும் சுருட்டி டிரைவர் தன் அறையில் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கல்லைத் தாண்டி வந்துவிட மாட்டார்கள். எல்லோருக்கும் நல்லதாக ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக அவளுக்கு லேசாக நெஞ்சு நிமிர்ந்தது. டிரைவருக்கோ தலைகால் புரியவில்லை.

"சுருட்டி வெக்கிற பாலம்! பட்டாளத்துலதான் இப்படி வெச்சிருப்பாங்க" என்று சொல்லிச் சொல்லித் தடவிப் பார்த்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்தார்.

விரிப்பைப் போட்டார்கள். அந்தப் பக்கம் சிஸ்டர் டீச்சரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். இரண்டாம் பாதியைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அவர். டீச்சர் விரிப்பைப் பார்த்தார். அதன் இரண்டு பக்கமும் இருந்த கறுப்பைப் பார்த்தார். கத்தவில்லை. டிரைவர் விரிப்பின்மேல் ஒரு காலை வைத்தார்.

"இருங்க!" என்றார் டீச்சர். பள்ளிக்கூடமே நின்றுபோயிருக்கும், அப்படி ஒரு குரல். டிரைவர் நின்றார்.

டீச்சர் சிஸ்டரின் கையை உதறினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, மண்டி போட்டார். விரிப்பின் முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"டீச்சர், எழுந்திருங்க, முட்டி போயிடும்" என்று சிஸ்டர் தூக்கப் போனார்.

"நீ சும்மா இரு. நான் விட்டா பலகை சாஞ்சிடும்." பிறகு கணவரிடம், "இப்ப வாங்க. கீழ பாக்காதீங்க. என்னையே பாத்து வாங்க. பஸ் ஓட்டற மாதிரி வந்துடாதீங்க, மெதுவா."

டிரைவர் வந்தார். கல்லென்று தெரிந்த தரையில், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். அந்தப் பக்கம் போனதும் அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "வந்துட்டேன் டீச்சர். வந்துட்டேன் பாருங்க. கைய எடுங்க."

டீச்சர் கையை எடுக்கவில்லை. நிமிர்ந்து, எதிர்ப்பக்கத்தில் நின்ற கைப்பிடியைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ ஏன் அங்க தனியா நிக்கிற? நீயும் வா. பயப்படாத. நான் பிடிச்சிருக்கேன்."

கைப்பிடிக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பி ஓடிவிடலாம், ஆனால் அவள் வந்து சேரும்வரை அந்த அம்மா முனையை விடப்போவதில்லை. அவள் நடந்தாள். தான் வரைந்து, தான் நிறம் தேர்ந்து, பளபளப்பு போதவில்லை என்று மேஸ்திரியை இரண்டாம் முறை மெருகேற்றச் சொல்லிய அந்தக் கல்லின்மேல், மண்டியிட்ட ஒரு கிழவியின் கைப்பிடியில் நடந்தாள். வந்து சேர்ந்ததும் டீச்சர் அவள் காலைத் தட்டிக்கொடுத்து, "சமத்து" என்றார்.

சிஸ்டர் டீச்சரை அறைக்கு அழைத்துப் போன பிறகு, டிரைவரும் அவளும் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன். இது அழகுக்குப் போட்டது இல்ல."

அவர் அவளைப் பார்த்தார்.

"அவங்களுக்கு இது பள்ளமாத் தெரியும்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"அவ பயப்படணும்னா?"

"பயப்படணும்னு இல்லைங்க. திரும்பிப் போகணும்னு..."

"பயப்படாம எப்படிம்மா திரும்பிப் போவாங்க?"

இத்தனை மண்டபங்களில் இத்தனை படித்தவர்கள் எழுந்து கேள்வி கேட்டிருக்கிறார்கள். கல் என்ன ரகம், மெருகு எத்தனை நாள் நிற்கும் என்றெல்லாம் கேட்டார்கள். இதை யாரும் கேட்டதில்லை; அவளும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதில்லை. டிரைவர் சுவரைப் பிடித்து எழுந்தார். அவள் கைகொடுக்க நீட்டியதை அவர் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். விரிப்பைச் சுருட்டி அவளிடமே கொடுத்தார்.

"இத எடுத்துக்கிட்டுப் போயிடுங்க. அவ முட்டி தாங்காது."

அன்று நேராக முதலாளியிடம் போனாள். கல்லைப் பெயர்க்க வேண்டும், வாசலில் கிராதிக் கதவு போட்டுப் பூட்ட வேண்டும், இரண்டாம் பாதிக்காரர்கள் கட்டடம் முழுவதும் நடமாட வேண்டும், சமையலறைக்குத் தனியாக அரைக்கதவு என்று சொன்னாள்.

"பூட்டு ஜெயிலுக்குன்னு சொன்னது யாரு மேடம்? நானா, நீங்களா?"

"நான்தாங்க. முன்னாடியும் ஜெயில்தான் கட்டினேன். பூட்டத் தரையில ஒளிச்சு வெச்சேன், அவ்வளவுதான்."

டீச்சர் மண்டி போட்டதைச் சிஸ்டர் முதலாளியிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த அம்மாவின் எலும்பு ஏதாவது முறிந்தால் வழக்கு வரும் என்பதை அவர் யோசித்திருப்பார். அந்த ஓர் இல்லத்தில் கல்லைப் பெயர்க்கச் சம்மதித்தார். ஆனால் புதிதாகக் கட்டும் மூன்றிலும் கல் உண்டு என்றார். வேறு ஆள் போடுவார்.

"மடல் அடிச்சு ஊரெல்லாம் போயாச்சு. நீங்களே மேடை மேடையா சொல்லிக் குடுத்துட்டீங்க, இப்ப வேண்டாம்னா எப்படி?"

அவள் வீட்டுக்கு வந்து, பேசப் போன இடங்களுக்கெல்லாம் போன் செய்து, அந்தக் கல்லைப் பதிக்க வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள். சிலர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் ஒருவர், "எங்க இடத்துல சூப்பரா வேலை செய்யுது மேடம், ரொம்ப தேங்க்ஸ்" என்றார். அவள் விளக்க விளக்க, அவர் 'பரவாயில்ல மேடம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அச்சகக்காரர், மிச்சமிருந்த மடல் கட்டுகளை வெட்டும் இயந்திரத்தில் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லது நெனச்சுத்தானே செஞ்ச" என்றார்.

"அதச் சொல்லாதீங்க. நான் சிரிக்க வெச்சேங்க. அவரு கால இழுத்துக்கறதக் காட்டிச் சிரிக்க வெச்சேன்."

அவர் கைவிரலில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கைக் கிள்ளி எடுத்தார். அந்தப் படத்துக்கு அடியில் வரி எழுதியவர் அவர்.

கல்லைப் பெயர்த்து, அந்த இடத்தில் மற்றத் தரையின் நிறத்திலேயே டைல் பதித்தார்கள். வாசல் கிராதிக்கு அவள் படம் போட்டாள். வழக்கமாக இப்படிப்பட்ட இடங்களில் பூட்டைக் கண்ணில் படாத உயரத்தில் வைப்பார்கள். அவள் அதைக் கண்மட்டத்தில், கைக்கு எட்டும்படி வைத்தாள். பூட்டு என்றால் பூட்டாகவே தெரியட்டும் என்றாள். மேஸ்திரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திருகாணியை முடுக்கினார்.

வேலை முடிந்து அவள் கடைசியாகச் சரிபார்க்க வந்த அன்று, டீச்சர் நடைவழியில் வந்துகொண்டிருந்தார். கல் இருந்த இடத்தில் நடை தளரவில்லை. அங்கே ஒன்று இருந்ததே நினைவில்லாதவராகத் தாண்டினார். அறை வாசலில் காத்திருந்த கணவரையும் தாண்டினார். "டீச்சர், டீச்சர், வீடு இங்க இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தார். டீச்சர் வாசல்வரை போனார். கிராதியைப் பிடித்தார். பூட்டைப் பார்த்தார். இரண்டு கையாலும் அதை உலுக்கினார்.

"யாரு இதப் பூட்டினது?"

டிரைவர் கைப்பிடியைப் பார்த்தார். அவளுக்காகப் பேச அவர் முன்வரவில்லை.

"நான்தாங்க டீச்சர்."

"எதுக்கு?"

"நீங்க வெளிய போயிடுவீங்கன்னு."

"போனா என்ன?"

தெருவில் வண்டிகள் வரும், வழி தெரியாமல் போகும் என்று எத்தனையோ பதில்கள் இருந்தன. டீச்சர் அவற்றுக்குக் காத்திருக்கவில்லை.

"சாவி யார்கிட்ட?"

"சிஸ்டர்கிட்ட."

"கூப்பிடு அவள. இல்ல, வேண்டாம். நானே போய்க் கேக்கறேன். என்ன நெனச்சுக்கிட்டிருக்கா மனசுல?" டீச்சர் திரும்பி விறுவிறுவென்று உள்ளே நடந்தார். டிரைவர் அவர் பின்னாலேயே போனார். போகிற போக்கில், யாரிடம் என்றில்லாமல், "கோபம் வந்திருச்சு. இவ கோபப்பட்டு எவ்வளவு நாளாச்சு!" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. கைப்பிடியின் பக்கம் அவர் திரும்பவில்லை.

உள்ளே டீச்சர் சிஸ்டரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது வாசல்வரை கேட்டது. சிஸ்டர் ஆமாம் டீச்சர், சரிங்க டீச்சர் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விசாரணை இப்போதைக்கு முடிகிறாற்போல் இல்லை. வெளியே போகச் சாவியைக் கேட்டுக் குரல் கொடுக்க வாயெடுத்த கைப்பிடி, அடக்கிக்கொண்டு, கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுப் பூட்டிய கிராதியின் உள்பக்கமாகக் காத்து நின்றாள்.